மணற்காட்டுக் கணவாய்

மணற்காட்டுக்குப் போவதென்றால் விடியப்புறம் ஐந்து மணிக்கே யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட வேண்டும். இதைச் சொன்னதும் தொலைபேசியின் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இராது. பிறகு, “அண்ணை, ஏழு மணிபோலை வெளிக்கிட்டால் காணாதோ?” என்று கேட்பார்கள். காணாது. ஒன்பது மணிக்கு மணல் சுடத் தொடங்கும். பத்து மணிக்குப் பிள்ளைகள் அழத் தொடங்குவார்கள். அதற்கு முன் ஏறி, கடலைப் பார்த்து, இறங்கி, சவுக்கு நிழலுக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். இந்தத் தொழிலில் பாதி நேரக் கணக்குத்தான்.

நான் வடமராட்சிக்காரன். வான் ஓட்டுவது என் தொழில். ஆட்களுக்கு இடம் காட்டுவது அதோடு வந்து சேர்ந்தது. 2009இல் போர் முடிந்து ஏ9 வீதி திரும்பத் திறந்த பிறகு தெற்கிலிருந்து சனம் பஸ் பஸ்ஸாக வந்திறங்கியது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியதும் கூட்டம் இன்னும் கூடியது. நல்லூர், கோட்டை, நூலகம், கீரிமலை, நயினாதீவு, கசூரினா கடற்கரை என்று ஒரே சுற்றுத்தான் எல்லாரும் கேட்பார்கள். ஆனால் இடையிடையே வேறொரு வகை ஆட்கள் வருவார்கள். கோயிலும் கோட்டையும் பார்த்து முடித்துவிட்டு, “நடக்கிறதுக்கு ஏதும் இடம் இருக்கோ? சனம் இல்லாத இடமாய்?” என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஐந்து மணிப் பயணம்.

குடாநாட்டில் மலை என்று ஒன்றும் இல்லை. ஊர் முழுக்கச் சுண்ணாம்புப் பாறையின் மேல் தட்டையாகப் படுத்திருக்கிறது. ஆறு என்று சொல்லவும் மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறுதான் உண்டு. ஏறி நின்று நிலத்தைக் கீழே பார்க்கிறதற்கு இயற்கை எங்களுக்குத் தந்தது வடமராட்சிக் கிழக்குக் கரையின் மணல்மேடுகளைத்தான். வல்லிபுரத்திலிருந்து மணற்காடு, அம்பன், நாகர்கோயில் என்று தெற்கே இறங்குகிற கரை அது. ஒருமுறை பதுளைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்புத்தளைக் கணவாயில் காற்று மேலேறி வருவதைப் பார்த்து வளர்ந்தவர். இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவில், கடல் முதன்முதலாகத் தெரிகிற அந்தத் தாழ்வில் நின்று முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தார். “தம்பி, இதுவும் கணவாய்தானே” என்றார். அன்றிலிருந்து நானும் அந்த இடத்தைக் கணவாய் என்றே சொல்லிவருகிறேன்.

கோப்பாய், நீர்வேலி, அச்சுவேலி கடந்தால் வல்லை வெளி. அங்கே வானை நிறுத்துவேன். பயணிகள் படம் எடுக்க நிறுத்துவதாக நினைப்பார்கள், எடுக்கட்டும். நான் காற்றைப் பார்க்கத்தான் இறங்குவது. வெளியில் வீடோ மரமோ மறைப்பு இல்லை. பாலத்தடியில் நின்றால் தொண்டைமானாறு நீரேரியின் மேல் நெளிவு எந்தப் பக்கத்திலிருந்து ஓடுகிறது என்று தெரியும். விடியப்புறத்திலேயே சட்டை படபடவென்று அடித்தால், மேட்டு உச்சியில் மணல் கண்ணுயரத்துக்குப் பறக்கும் என்று அர்த்தம். அன்றைக்கு உச்சி கிடையாது. சவுக்குப் பக்கத்தால் போய்க் கணவாயோடு திரும்பிவிடுவோம். வைகாசியில் சோளகம் பிடித்தபின் பெரும்பாலும் அந்த வழிதான். ஐப்பசி கழிந்து வாடை வந்தால் காற்றோடு மழையும் சேரும். குடாநாட்டுக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும்.

நெல்லியடியில் பிளேன்ரீ. பருத்தித்துறை வடை ஒரு பை. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் இருக்கிறதா என்று அங்கேயே ஒருதரம் எண்ணிப் பார்ப்பேன். அதற்கப்பால் கடையை நம்ப முடியாது. பிறகு துன்னாலைப் பக்கத்தால் வல்லிபுர ஆழ்வார் கோயிலடிக்கு.

கோயிலைச் சுற்றியே மணல்தான். கிழக்குக் கரையின் மணல் உலகம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1936இல் வல்லிபுரத்தில் ஒரு பொன்னேடு கண்டெடுக்கப்பட்டது. பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், வசப மன்னன் காலத்தில் நாகதீவை ஆண்ட ஓர் அமைச்சனைப் பற்றிச் சொல்கிற ஏடு அது. ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்திய எழுத்து மணலுக்குள்ளே பத்திரமாகக் கிடந்திருக்கிறது. புரட்டாசித் திருவிழாவின் கடல் தீர்த்தத்துக்குச் சுவாமியோடு சனம் மணல்வெளியில் நடந்துதான் கடலுக்குப் போகும். குழந்தையைத் தோளில் வைத்த அப்பாமார், கிழவிமார், இளந்தாரிகள் என்று எல்லாரும் நடப்பார்கள். “வெளிநாட்டில் ட்ரெக்கிங் போறனாங்கள் அண்ணை” என்று என்னிடம் பெருமையாகச் சொல்கிற பிள்ளைகளுக்கு நான் அந்தத் தீர்த்த நடையைப் பற்றிச் சொல்வேன். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற அடியார்களைப் பற்றியும் சொல்வேன். கிழக்குக் கரையோரமாக இலங்கையின் மறு அந்தம் வரை போகிற நடை அது. நடப்பதற்காக நடப்பது எங்களுக்குப் புதிதல்ல.

குடத்தனையால் திரும்பி மணற்காட்டுக் கிராமத்துக்குள் நுழைந்ததும் வானை ஓரமாக விட்டுவிடுவேன். அதற்கப்பால் கால்தான். கிராமத்துக்குள் இறங்கியதும் எதிரில் வருகிறவர்களோடு இரண்டு வார்த்தை கதைக்காமல் நான் ஒருநாளும் மணலில் கால் வைப்பதில்லை. இது கடற்றொழிலாளர் ஊர். கரைவலை இழுக்கிற காலமென்றால் வாடியடியில் கயிறும் மடியும் கிடக்கும். அதற்குள்ளே போய்க் காலை வைக்கக்கூடாது. சோளகக் காலத்தில் காற்று தரைப்பக்கமிருந்து அடிப்பதால் இந்தப் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கும், வாடையில் கொந்தளிக்கும். குளிக்கலாமா என்று பயணிகள் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. வாடியில் இருக்கிறவரைக் கேட்கச் சொல்வேன். அவர் கடலைப் பார்த்துவிட்டு, “இண்டைக்கு வேண்டாம் பிள்ளையள், கீழ் இழுவை கிடக்கு” என்றால் அதுதான் முடிவு.

இனி மணல். காற்று வருகிற பக்கத்துச் சரிவு நீண்டு சாய்ந்திருக்கும், மணல் இறுகியிருக்கும். மறுபக்கம் சட்டென்று இறங்கும். அங்கே கால் முழங்கால்வரை புதையும். காய்ந்த மணல் ஏறத்தாழ முப்பத்துநான்கு பாகைக்கு மேல் நிற்காது, தானாகவே சரியும். அதனால் ஏறுவது இறுகிய பக்கத்தால். குதிக்காலால் குத்தாமல் உள்ளங்கால் முழுவதையும் படிய வைத்து, குறுக்குமறுக்காக ஏற வேண்டும். வயதானவர்கள் என்றால் உச்சியே வேண்டாம், கணவாயால் போனால் போதும். கடல் அங்கிருந்தும் அதே கடல்தான். ஈர மணலில் விடியப்புற வேளையில் வரிவரியாக நெளிவு கிடக்கும். அதன்மேல் நண்டு ஓடிய கோடு, வண்டு இழுத்த கோடு, குழியானை தோண்டிய சின்னப் புனல். பிள்ளைகளை ஒரு குழியானைக் குழிக்கருகில் குந்தியிருக்கச் சொல்வேன். எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் அடியிலிருந்து மணல் தெறிக்கும். அந்தச் சரிவும் எங்கள் மேட்டின் சரிவும் ஒரே கணக்கில் நிற்பவைதான் என்று சொன்னால், அவர்கள் திரும்பி மேட்டைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

ஒன்பது மணிக்கு மேல் சுடுகிற மணலுக்குள் கையை விடச் சொல்வதும் என் வழக்கம். விரல் நுனி சுடும். மணிக்கட்டு வரை போனால் சூடு குறையும். முழங்கை வரை போனால் குளிர்ந்த, ஈரமான மணல் கையில் ஒட்டும். மாரியில் விழுந்த மழை அதற்குள் இருக்கிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் மேட்டடியில் ஒரு பூவல் தோண்டினால் ஊறி வருவது நல்ல தண்ணீர். மழைநீர் உப்புநீரைவிட இலேசானது. அதனால் மணலுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது மீற்றர்வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இருப்பதும் இதே சங்கதிதான். அங்கே அதைத் தாங்குவது சுண்ணாம்புப் பாறை, இங்கே மணல். ஒல்லாந்தர் எங்களை 1658 தொடக்கம் ஆண்டவர்கள். அவர்களுடைய அம்ஸ்ரர்டாம் நகரத்துக்கு 1853 தொடக்கம் குழாயில் குடிதண்ணீர் வந்தது கடற்கரை மணல்மேடுகளிலிருந்துதான். இன்றைக்கும் அந்த மேடுகளைக் காத்து, அதற்குள் நடக்க வழி வகுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு நகரத்தையே தண்ணீர் குடிக்கவைக்கிற பொருளைத்தான் நாங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

மேட்டைப் பிடித்து நிற்பது எது என்று கேட்டால், முதலில் அடம்பன் கொடியைக் காட்டுவேன். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் ஆச்சிமார் சொன்னது இங்கே வந்து பார்த்துத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. தனிக்கொடியை ஒரு பிள்ளை இழுத்துப் பிடுங்கிவிடும். ஆனால் அது கணுவுக்குக் கணு வேர்விட்டுக் கடற்பக்கச் சரிவு முழுவதும் பின்னிக் கிடக்கிறபோது காற்றுக்கு மணலை எடுக்க வழியில்லை. அதற்குமேல் இராவணன் மீசை. கூரான புல், செருப்பில்லாமல் அதற்குள் போனால் கால் சொல்லிக்காட்டும். அதன் விதைக்கதிர் முள்ளுருண்டையாகக் கழன்று காற்றோடு உருண்டோடும். பிள்ளைகள் அதைத் துரத்துவார்கள். துரத்தட்டும், அது அப்படிப் பரவுவதற்கென்றே உருள்கிறது. பிடித்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்வேன். பின்பக்கத்தில் வனவளத் திணைக்களத்தின் சவுக்குக்காடு. நிழலும் காற்றோசையும் நன்றாயிருக்கும். ஆனால் அதன் ஊசிச்சருகு விழுந்த நிலத்தில் வேறு பூண்டு எழும்புவது அரிது. காற்றை மறிக்கச் சவுக்கு போதும். மணலைப் பிடிக்க அடம்பனும் மீசையும் வேண்டும். இது நான் வருடம் முழுக்கப் பார்த்து வைத்திருக்கிற அபிப்பிராயம்.

இப்போது கணவாய்க்கு வருகிறேன். இந்த மேடுகளில் இரண்டு வகைத் தாழ்வு உண்டு. காற்றே அரித்து உண்டாக்கியது ஒன்று. அதன் ஓரம் வளைவாக இருக்கும், அடியில் மணல்வரி ஓடும், இரண்டு தோளிலும் கொடி இறங்கியிருக்கும். மற்றது மண்வெட்டி உண்டாக்கியது. சுவர் செங்குத்தாக நிற்கும், வெட்டுமுகத்தில் வேர்கள் அறுந்து மயிர்போலத் தொங்கும், அடியில் சில்லுத்தடம் கிடக்கும். இரண்டாவது வகையை ஒரு மாரிக்குப் பிறகு போய்ப் பாருங்கள், வாய் அகன்றிருக்கும். கொடி அறுந்த இடத்தில் காற்று விரலை விடும், பிறகு கையை விடும், பிறகு ஆளே நுழையும். தோண்டியவர் எடுத்தது ஒரு பெட்டி மணல். அந்த வாயால் காற்று எடுப்பது அதைப்போலப் பல மடங்கு.

மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது சட்டம். இரவில் ஏறுகிற மணலுக்குப் பத்திரம் கிடையாது என்பது ஊரறிந்த விசயம். எடுப்பவர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. போருக்குப் பிறகு குடாநாடு முழுக்க வீடு கட்டினோம். இடிந்த வீட்டைத் திருப்பிக் கட்ட மணல் வேண்டும், கல்லரிய மணல் வேண்டும், பூச மணல் வேண்டும். அந்தத் தேவை உண்மையானது. ஆனால் மேட்டின் கடற்பக்கத்தை வெட்டுவது வேறு விசயம். அதற்கு எந்த வீட்டுத்தேவையும் சமாதானம் ஆகாது.

ஏனென்று அந்தோனியார் கோயிலடியில் நின்றால் தெரியும். பழைய கோயிலின் சுவர்கள் பாதி மணலுக்குள் நிற்கின்றன. சுண்ணாம்புக்கல்லும் பவளக்கல்லும் வைத்துக் கட்டியவை. கூரை இல்லை. யன்னல் இருந்த இடத்தின் விளிம்பை மணல் தொடுகிறது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களைப் படத்தில் பார்த்த தமிழகத்து விருந்தினர் ஒருவர், பாக்குநீரிணையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரிச் சுவர் நிற்கிறதே என்றார். தூத்துக்குடிக் கரையில் மணப்பாட்டு மணற்குன்றின்மேல் நிற்கிற திருச்சிலுவைக் கோயிலையும் அவர்தான் எனக்குச் சொன்னார். பரதவர் வாழ்கிற கரைகளில் இப்படி மணலும் கோயிலும் சேர்ந்துதான் நிற்கும் போலிருக்கிறது.

கோயிலுக்கு அப்பால் சேமக்காலை. மணலில் நட்ட சிலுவைகள். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் ஏறி வந்தபோது மணற்காட்டில் போன உயிர்களும் இங்கேதான் அடங்கியிருக்கின்றன. இலங்கை முழுவதும் முப்பதினாயிரத்துக்கு மேல் இறந்த நாள் அது. சேமக்காலையில் நான் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. கமெராவை மூடச் சொல்வேன், தொப்பியைக் கழற்றச் சொல்வேன், சிலுவைகளுக்கு நடுவால் போகாமல் ஓரத்தால் வரச் சொல்வேன். அங்கே உறவுக்காரர் யாராவது நின்றால், வந்த வழியே திரும்பிவிடுவோம்.

வானுக்குள் ஏறியபிறகு கேள்வி வரும்: மேடு இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை? மேடு எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் சொல்வதில்லை. வீடுகள் கடலோடு ஒட்டியிருந்தன. தாழ்வுகளால் தண்ணீர் உள்ளே வந்தது. ஆனால் தெற்கே யாலாவில் நடந்ததைச் சொல்வேன். அங்கே ஒரு விடுதி, கடல் நன்றாகத் தெரியவேண்டும் என்று தனக்கு முன்னாலிருந்த மணல்மேட்டை எடுத்துவிட்டிருந்தது. ஆழிப்பேரலை அதை அடித்து நொறுக்கியது. மேடு குலையாமல் நின்ற பக்கங்களில் சேதம் குறைவு. ஆராய வந்த விஞ்ஞானிகள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து நான் கூட்டிவருகிற ஆட்களுக்குக் கணவாயைத் தவிர வேறு வழி திறப்பதில்லை. நூறு பேர் நூறு பக்கத்தால் ஏறினால் நூறு இடத்தில் கொடி அறும். மண்வெட்டி செய்வதையே கால் மெதுவாகச் செய்யும்.

இதைச் சொல்லி வேலையை இழந்ததும் உண்டு. ஒரு கூட்டம் நாலு சில்லு மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்து மேட்டில் ஓட்டவேண்டும், அதற்கு நீங்கள்தான் வழிகாட்ட வேண்டும் என்று கேட்டது. காசு நல்ல காசு. நான் மாட்டேன் என்றேன். “வெறும் மணல்தானே அண்ணை?” என்றார்கள். அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல முடியாது. ஒரு விடியப்புறம் சும்மா வாருங்கோ, நடந்து பாருங்கோ, காசு வேண்டாம் என்றேன். வரவில்லை.

சவுக்கு நிழலில் வடையும் தண்ணீரும் முடித்து, குப்பையை அதே பைக்குள் கட்டி எடுத்துக்கொண்டு, நேரமிருந்தால் தெற்கே இறங்குவோம். நாகர்கோயில் பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறைப்பேன். 1995 செப்ரெம்பர் 22இல் விமானக் குண்டுவீச்சில் பள்ளிப்பிள்ளைகள் இறந்த இடம் அது. போரின் கடைசி வருடங்களில் முன்னரங்கு ஓடியதும் இந்தப் பக்கம்தான். அதனால் வீதியைவிட்டுப் பற்றைக்குள் எவரையும் இறங்க விடமாட்டேன். இயற்கைக் கடனென்றாலும் ஊர்மனைவரை பொறுக்கத்தான் வேண்டும். இன்னும் கீழே மருதங்கேணி, கட்டைக்காடு, பிறகு சுண்டிக்குளம். 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட நீரேரி. மாரி முடிந்து தண்ணீர் வற்றத் தொடங்குகிற நாட்களில் பூநாரை வரும். ஆனால் மணற்காட்டையும் சுண்டிக்குளத்தையும் ஒரே நாளில் கேட்பவர்களிடம், ஒன்றைத் தெரிவுசெய்யுங்கோ என்றுதான் சொல்வேன். இரண்டையும் ஓட்டினால் பார்த்தது வானின் கண்ணாடி மட்டும்தான் என்றாகிவிடும்.

வர நினைப்பவர்களுக்கு: தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். மழை விட்டிருக்கும், மணல் இறுகியிருக்கும், அடம்பன் ஊதாப்பூவோடு நிற்கும். ஒரு தடவைக்கு எட்டுப்பேருக்கு மேல் கூட்டிப்போக மாட்டேன். கட்டிச் செருப்பு, தொப்பி, தலையில் போர்த்த ஒரு துவாய், இரண்டு லீற்றர் தண்ணீர். சிறுபிள்ளைகள் தாராளமாக வரலாம். வயதானவர்களைக் கணவாய்வரை நான் கைபிடித்துக் கூட்டிப்போவேன். ஊரில் ஆரும் இளநீரோ மீனோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். மணலை மட்டும் போத்தலில் அடைத்துக் கொண்டுபோகக் கேட்காதீர்கள். கேட்டால் நான் வானில் ஏற்றமாட்டேன்.